அனுப்பாமல் அழித்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

காவியா எழுதுவது. ஹைதராபாத்தில் நலமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

பதற ஒன்றுமில்லை. நீங்கள் வாங்கித் தந்த லேப்டாப் மெதுவாக ஓடுகிறதே என்று ரிப்பேர் கடையில் காட்டினேன். சாதாரண வைரஸ் இல்லையாம், ஸ்பைவேராம். நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும், அழித்தாலும் விடாமல், வேறொருவருக்கு அனுப்பிவிடுமாம்.

அண்ணனிடம் போனில் கேட்டேன். "அப்பாதான் போடச் சொன்னாவ. உன் நல்லதுக்குத்தானட்டி. தினமும் அவியளுக்கு வாசிச்சுக் காட்டுதேன்" என்றான்.

ஏதாவது பையன் பெயர் கிடைத்ததா அப்பா?

ஜூலையில் டைபாய்டு வந்து பதினோரு நாள் ஹாஸ்டலில் தனியாகக் கிடந்தேன். 'பயமா இருக்கும்மா, ஒருதடவ வந்துட்டுப் போ' என்று அந்த லேப்டாப்பிலேயே அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டுவேன். நீங்கள் பதறுவீர்களே என்று அனுப்பாமல் அழித்துவிடுவேன். அதையும் அண்ணன் வாசித்திருப்பான். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வேவு பார்ப்பது தெரிந்துபோயிருக்கும், இல்லையா?

லேப்டாப்பை உங்களுக்கே பார்சலில் அனுப்பிவிட்டேன். இனி கையால்தான் எழுதுவேன். அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் பருப்புப்பொடியும், கோடு போட்ட நோட்டு இரண்டும் அனுப்புங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

இதில் ஒரு வரியையும் நான் அழிக்கவில்லை. அண்ணனிடம் கொடுக்காமல் நீங்களே வாசியுங்கள்.

காவியா