மூன்றாவது அளவு வரை

தஞ்சோங் கிளிங்
3 மார்ச் 2024

அன்புள்ள அங்கமுத்து அண்ணனுக்கு,

போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். போன மாதம் உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, கவலையாக இருந்தது.

நம் கணினிச் சங்கச் செயலாளர் புவனேஷ் அழைத்தார். மே 18 சனிக்கிழமை, ஜாசினில் இளைஞர்களுக்குப் பயிற்சி நாள். அடுத்த ஆண்டு வேலைக்கு எவ்வளவு பெரிய கணினி தேவைப்படும் என்று முன்கூட்டியே கணிப்பதைக் காலையில் நீங்கள் சொல்லித்தர வேண்டுமாம். கணினி மந்தமானால் எதை மாற்றிச் சரிசெய்வது என்பதை மதியம் நான். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இணையத்தின் வழியே கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் பிள்ளைகளுக்கு, ஒரே கணினி அறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாம் என்ன சொல்லப்போகிறோம்?

அன்புடன்,
கனகலிங்கம்


ஜாசின்
15 மார்ச்

தம்பி கனகா,

கூப்பிட்டா போவோம் லா. உனக்குச் சாப்பாட்டுக் கடையில ஆர்டர் குடுக்கவே பயம், இதுக்குப் பயப்பட மாட்டியா?

ஒரு விஷயம், யார்கிட்டயும் சொல்லாத. கொஞ்ச நாளா மறதி. பசாருக்குப் போய் மீன் கடை முன்னால எதுக்கு வந்தேன்னு தெரியாம நின்னேன். சொன்னதையே திரும்பச் சொல்றேன்னு மகள் மோகனா சொல்லுது. இதுதான் கடைசி, நல்லா பேசிட்டு நிறுத்திக்கிறேன். அன்னைக்கு நான் ஒரே இடத்துல சுத்துனா நீ எழுந்து வந்து மைக்க வாங்கிக்க. டீ டைம்னு எதையாவது சொல்லு. மறக்கிறத தாங்கிக்குவேன். சின்னப் பசங்க சிரிச்சா தாங்க மாட்டேன்.

அங்கமுத்து


தஞ்சோங் கிளிங்
24 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. முன் வரிசையில் இருப்பேன், கவலை வேண்டாம். ஆனால் ஒரு சந்தேகம். ஒரு முறை திரும்பச் சொன்னால் அது அழுத்திச் சொல்வதாகவும் இருக்கலாமே. எதைக் கண்டதும் நான் எழ வேண்டும்?

கனகலிங்கம்


ஜாசின்
2 ஏப்ரல்

தம்பி,

எதுக்கும் ஒரு அளவு கேக்கிற ஆளு நீ. என் மூஞ்சியப் பாரு, தெரியும்.

அங்கமுத்து


தஞ்சோங் கிளிங்
19 மே

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று நடந்ததைப் பற்றி எழுதுகிறேன்.

நாம் கணினி போட்டுக் கொடுத்த அந்த மருத்துவமனையின் கதையை நீங்கள் முதலில் சொன்னபோது அறையே அமைதியாகக் கேட்டது. நாள் முழுவதற்கும் சராசரி பார்த்தால் கணினி பாதி சும்மா இருக்கும், ஆனால் காலை எட்டு மணிக்கு பதிவு முகப்பு திறந்ததும் கணினி திணறி எல்லோரும் காத்து நிற்பார்கள். அந்த எட்டு மணிக்குத்தான் திட்டமிட வேண்டும் என்றீர்கள். அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

பிறகு அதையே மறுபடி சொன்னீர்கள். அழுத்திச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். ஓரிரு முறை எடுத்த அளவை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது நம் தொழிலில் ஊறிய பழக்கம். மூன்றாவது அளவும் வரட்டும் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் முறை "காலை எட்டு மணி" என்று நீங்கள் தொடங்கியதும், பின்னாலிருந்த ஒருவன் மீதியை உங்களுக்கு முன்பே சொல்லி முடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். அப்போதுதான் எழுந்து வந்து மைக்கை வாங்கினேன்.

மதியம் நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. மன்னியுங்கள் அண்ணா. வரும் ஞாயிறு ஜாசினுக்கு வருகிறேன்.

கனகலிங்கம்


ஜாசின்
23 மே

தம்பி கனகா,

ஞாயித்துக்கிழமை வர வேணாம். கோவம் இல்ல. அந்தப் பசங்க மேலயும் இல்ல.

ரெண்டாவது தடவை சொல்றப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. உன்னப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மந்தமானா ஸ்கிரீன்ல வேலைச் சுமையோட கோடு ஏறுறத எப்படிப் பாப்பியோ, அப்படி என்னப் பாத்துக்கிட்டு இருந்த. முப்பது வருசம் பக்கத்துல உக்காந்தவன், அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? நானும் இத்தன வருசம் கம்ப்யூட்டர அப்படித்தானே பாத்தேன்.

இனி நான் இன்னும் மறப்பேன். நீ எதிர்ல உக்காந்தா, பேசுறப்பெல்லாம் எத்தனாவது தடவைன்னு நீ எண்ணுறியான்னுதான் பாப்பேன். உன்னால எண்ணாம இருக்க முடியாது. அது உன் தப்பு இல்ல லா.

மோகனாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "சொல்லிட்டீங்கப்பா"ன்னு சொல்லிட்டு டீ ஊத்தும். எனக்கு அது போதும்.

உடம்பப் பாத்துக்க. இதுக்குப் பதில் போடாத.

அங்கமுத்து