பெர்லின் வாசலில் முழு இரவு

மொன்ட்ரியால்-நோர்,
செப்ரெம்பர் 14, ஞாயிறு.

என் அன்பு மகள் ஜொய்சிக்கு,

குஞ்சியப்பா எழுதுவது. இறைவன் கிருபையால் இங்கே நானும் குஞ்சியம்மாவும் நல்ல சுகம், என் இடது தோள் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. நீயும் அங்கே காய்ச்சல் தடிமன் இல்லாமல், முக்கியமாகக் காது இரண்டும் ஒழுங்காகக் கேட்டபடி இருக்க வேண்டும் என்று இரவுச் செபத்தில் சொல்லிக்கொள்கிறோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடந்தது எல்லாவற்றையும் நான் முன்னமே சொன்னவன். நீ படிக்கப் போகிறேன் என்று பெர்லினுக்கு விமானம் ஏறிய அன்றே, பெட்டி நிறுக்கிற இடத்தில் வைத்து, இந்தப் பிள்ளை அங்கே இரவில்தான் உழைக்கும், ஆட்களை அதட்டுகிற வேலைதான் பார்க்கும், அதைக் கேள்விப்பட்டு இங்கே ஒருவர் போனை எடுக்காமல் இருப்பார் என்று வரிசையாகச் சொன்னேன். குஞ்சியம்மா அப்படி ஒன்றும் கேட்கவில்லை என்கிறாள். நான் சொன்ன எதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

நீ அனுப்பிய வொயிஸ் கிடைத்தது. "அம்மா ஏழு கிழமையா போன் எடுக்கிறா இல்லை குஞ்சியப்பா, ஒக்டோபரில அப்பாவின்ர ஆண்டுப் பூசைக்கு வரட்டோ, டிக்கெட்டைக் கான்சல் பண்ணட்டோ" என்று கேட்டிருந்தாய். பதிலையும் வொயிஸில் போடலாமென்று மூன்று தரம் தொடங்கினேன், மூன்று தரமும் குஞ்சியம்மா பக்கத்தில் நின்று இடையில் புகுந்து திருத்தினாள். அதனால்தான் இந்தத் தாள், எழுதிப் படம் எடுத்து போனில் அனுப்புகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததை வைத்து எழுத்துக் கூட்டி வாசி, அவசரம் இல்லை. உன் அப்பா, என் அண்ணை, கண்மூடிய நாளிலிருந்து உன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் தகப்பன் என்று போட்ட இடத்தில் கையெழுத்து வைத்தவன் நான். எனக்குப் பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு, ஆனாலும் ஒருநாளும் வாசிக்காமலே வைத்தேன், உன்னில் அவ்வளவு நம்பிக்கை. அந்த உரிமையில் சொல்கிறேன், டிக்கெட்டில் கை வைக்காதே. ஏன் என்றால் நீ அறிந்தது பாதிக் கதைதான், மீதி இங்கே மொன்ட்ரியாலில் நடந்தது.

பிழை தொடங்கினது மாசி மாதம், நீ அம்மாவுக்குப் போன் பண்ணிப் புது வேலையைப் பற்றிச் சொன்ன அன்று. நீ சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. "சனிக்கிழமை முழு இரவு அம்மா, நான் வாசல்ல நிக்கிறன், ஞாயிறு காலமதான் முடியும்" என்றிருக்கிறாய். எங்கள் கோயில் பங்கில் முழு இரவு என்றால் என்ன? முழு இரவு ஆராதனை, வேறு ஒன்றும் கிடையாது. வாசலில் நிற்பது என்றால் பாட்டுத் தாள் கொடுத்து ஆட்களை இருத்துவது. இரவு நடனக் கிளப் ஒன்றின் வாசலில் நின்று இன்னார் உள்ளே போகலாம், இன்னார் வீட்டுக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொல்வதும் ஒரு உத்தியோகம் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? "கன சனம் வருமோ" என்று அவர் கேட்க, "தெருமுனை வரைக்கும் வரிசையா நிக்குதுகள் அம்மா, எல்லாம் இளம் ஆக்கள்" என்று நீ சொல்லியிருக்கிறாய். அதோடு விட்டாயா? உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள் என்பதற்கு உனக்குத் தெரிந்த பெரிய தமிழ்ச் சொல்லை எடுத்து, "சிலது அழுது மன்றாடுதுகள்" என்றும் சொன்னாய். மகளே, இளம் பிள்ளைகள் இரவிரவாக நின்று அழுது மன்றாடுகிறார்கள் என்று ஒரு கத்தோலிக்கத் தாயிடம் சொன்னால் அவர் எதை நினைப்பார்? தன் முழங்கால் நோவுக்கும் அங்கே ஒருக்கால் சொல்லச் சொல்லிக் கேட்டாராம், நீயும் என்னவென்று விளங்காமலே ஓம் என்றாயாம்.

அந்த ஞாயிறு பூசை முடிய மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது அம்மா இதை இரண்டு பேருக்குச் சொன்னார். இரண்டு பேரும் பங்குச் சபையில் இருக்கிறவர்கள். அடுத்த ஞாயிறு அறிவித்தலில் வாசித்துவிட்டார்கள், ஐரோப்பாவில் விசுவாசம் போய்விட்டது என்கிறவர்கள் கேளுங்கள், பெர்லினில் கிழமைக்குக் கிழமை முழு இரவு மன்றாட்டு நடக்கிறது, வாசலில் நிற்பது எங்கள் பங்குப் பிள்ளை ஜொய்சி என்று. சனம் எழுந்து நின்று கைதட்டியது. ஆயிரம் பேர் இருக்கும், சரி, நூற்றைம்பது என்று வை. அம்மா அன்றைக்குக் கோயிலிலிருந்து பஸ் எடுக்காமல் வீடு வரைக்கும் நடந்தே போனார், அந்த முழங்காலோடு.

ஆடி மாதம்தான் பேனாட்டின் மகன் றஜிந்தன் ஐரோப்பா பார்க்கப் போனான். பேனாட்டைத் தெரியும்தானே, எங்கள் தொடர்மாடியில் இருந்துவிட்டு லொங்குய்யில் வீடு வாங்கிப் போனவன், மகனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கதைப்பான், எனக்குக் கூட்டிக் கதைக்கிற ஆட்களைக் கண்ணில் காட்டக்கூடாது. அந்தப் பெடியன் கலியாணவீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி வெள்ளைச் சேட்டும் கூர்ச் சப்பாத்தும் கழுத்தில் சங்கிலியுமாக மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றானாம். முன்னுக்கு வந்து பார்த்தால் கறுப்புக் கோட்டோடு நீ. "ஜொய்சியக்கா, நான் பேனாட்டின்ர மகன்" என்று அவன் தெரு முழுக்கக் கேட்கக் கத்த, நீ ஏற இறங்கப் பார்த்துவிட்டு "தம்பி, இண்டைக்கு இல்லை, போய்ப் படும்" என்றாயாம். நீ செய்தது நியாயம், அந்தச் சப்பாத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவனை உள்ளே விட்டிருந்தால் அவன் வாய் திறந்திருக்க மாட்டான், தானும் போனதைச் சொல்ல வேண்டி வருமே. நீ திருப்பி அனுப்பினபடியால் குற்றம் குறை இல்லாத பிள்ளையாக வந்து, கோப்பி மேசையில் நின்று, எல்லாருக்கும் சொன்னான். "அன்ரி, அங்க ஆராதனையும் இல்லை ஒண்டும் இல்லை, வெள்ளி பின்னேரம் தொடங்கித் திங்கள் விடியமட்டும் டிஸ்கோ" என்று அம்மாவின் முகத்துக்கு நேரேயே சொன்னான்.

அம்மா கோப்பியை வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பூசைக்கு வருவார், கடைசி வாங்குப் பலகையில் இருப்பார், அறிவித்தல் தொடங்க முதல் எழும்பிவிடுவார். உன் கட்டிலின் மேல் குளிர் உடுப்புப் பெட்டிகளை அடுக்கிவிட்டார். "அவள் ஏன் பூசைக்கு வரவேணும், அவளுக்குத்தான் அங்க முழு இரவு இருக்குதே" என்று குஞ்சியம்மாவிடம் சொன்னார். அழவில்லை, சத்தம் போடவில்லை, நீ எடுக்கிற நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உடுப்பு மடிப்பார். நான் சும்மா இருப்பேனா? மண்டபத்தில் போய் விளக்கம் கொடுத்தேன். பெர்லினில் கிளப் வாசலில் நிற்பது எங்கள் ஊரில் மாவட்டக் கச்சேரிக் கந்தோரில் அரசாங்க அதிபர் இருப்பது மாதிரி என்றேன். மந்திரிமாரின் பிள்ளைகளே வரிசையில் நின்று தலைகுனிந்து திரும்புகிறார்கள் என்றேன். உள்ளே படம் எடுக்கக்கூடாது என்று ஒவ்வொருவரின் போன் கமராவிலும் ஒட்டுத்தாள் ஒட்டுகிறார்கள், அவ்வளவு மரியாதையான இடம் என்றேன், இது நீ சொன்னதுதான். ஸ்பீக்கர்ப் பெட்டிச் சத்தத்துக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோழி முட்டையிடாது என்றேன், இது நீ சொல்லாதது. இங்கே மொன்ட்ரியாலில் விடியப்புறம் மூன்று மணியோடு கிளப்பைப் பூட்டித் தெருவில் விட்டுவிடுவார்கள், பிறகு குடித்தவன் டெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில் சண்டை பிடிக்கிறான், அங்கே பூட்டுகிற நேரமே இல்லாதபடியால் ஒருவனுக்கும் அவசரம் இல்லை, ஞாயிறு காலை தேநீர் குடித்துவிட்டு ஆடப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்றேன். சனம் சிரித்தது. அம்மாவுக்கு அது உதவவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஜான்-டலோன் சந்தையில் வேலை முடித்து, ஒரு பெட்டி தக்காளியோடு அம்மாவிடம் போனேன். நான் இல்லாமல் அந்தக் கடை ஒரு மணித்தியாலம் ஓடாது, அப்படியிருந்தும் நேரத்தோடு வெளிக்கிட்டேன். அம்மா தக்காளியைக் கழுவத் தொடங்கினார். நான் கதிரையை இழுத்துப் போட்டு, "அண்ணி, உங்களுக்கு அண்ணை பெர்லினில இருந்த கதை தெரியுமோ" என்று கேட்டேன். தெரியும், அகதி முகாமில் இருந்தவர் என்றார். "முகாமுக்குப் போக முதல் ஒரு இரவு இருந்தது" என்றேன். எண்பத்துநாலு மார்கழி. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் வந்த வழியில்தான் நாங்களும் வந்தோம், கிழக்குப் பக்கம் விமானத்தில் இறங்கி, ரயில் ஏறி மேற்குப் பக்கம். வந்து சேர இரவு பதினொரு மணி. ஊரில் தைத்த மெல்லிய காற்சட்டை. எனக்கு இருபது வயது, அண்ணைக்கு இருபத்துநாலு. பதிகிற இடம் பூட்டியிருந்தது, ரயில் நிலையத்தில் பொலிஸ் நின்றது, பனி முழங்காலுக்கு வந்தது. இரண்டு மணித்தியாலம் நடந்த பிறகு ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு கதவும் சிவப்பு லைற்றும் தெரிந்தன, உள்ளேயிருந்து இடிக்கிற மாதிரிச் சத்தம், கதவு திறக்கும்போதெல்லாம் சூடான காற்று. வாசலில் ஒருவன் நின்றான், கதவை விட உயரம். எங்களைப் பார்த்தான், அண்ணையின் சப்பாத்தைப் பார்த்தான், அது நனைந்து வாய் பிளந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் நல்ல உடுப்போடு நின்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு எங்களை உள்ளே விட்டான்.

இதுவரைக்கும் அம்மா திரும்பவில்லை, குழாயைத் திறந்தபடிதான் நின்றார். நான் தொடர்ந்து சொன்னேன். உள்ளே ஒரு பெண் தேநீர் தந்தாள், விடியும்வரை எவனும் எங்களிடம் பாஸ்போட் கேட்கவில்லை, தொட்டுத் தள்ளவில்லை, சூடு ஏற ஏற அண்ணை எழும்பினார், எழும்பி அந்தச் சனத்துக்கு நடுவில் போய் ஆடினார், நாலு மணிமட்டும் ஆடினார், வெள்ளைக்காரர் வட்டம் விட்டுக் கைதட்டினார்கள் என்றேன். அம்மா குழாயை நிப்பாட்டினார். "ஆர், றெனோல்டோ? அந்த மனிசன் தன்ர கலியாணத்தண்டே கையைக் கட்டிக்கொண்டு நிண்டது" என்றார். சத்தியமாக என்றேன். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டோ ஆடினவர்?" என்று கேட்டார். ஓம், கழட்டினவர் என்றேன். "அப்ப உண்மையாத்தான் இருக்கும், எங்க போனாலும் முதல்ல அதைத்தான் கழட்டும்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்தினார். ஏழு கிழமைக்குப் பிறகு அவர் சிரித்ததை நான்தான் பார்த்தேன். தக்காளியைத் துடைத்துத் துடைத்து ஒரே இடத்தில் வைத்தார். பிறகு, "வாசல்ல நிண்டவன் நல்லவனோ?" என்றார். "அவன் இல்லாட்டி அண்ணையும் நானும் விடியமுதல் விறைச்சிருப்பம் அண்ணி" என்றேன். "பிள்ளையும் அப்பிடி வெளியிலதான் நிக்கிறாளோ, குளிருக்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் தேநீர் குடித்துவிட்டு எழும்ப, "அடுத்த கிழமை ஞாயிறு பூசை முடிய நானே எடுக்கிறன் எண்டு அவளுக்குச் சொல்லும், அந்தப் பெட்டியளை ஒருக்கா இறக்கித் தந்திட்டுப் போம்" என்றார். ஐந்து பெட்டி. என் தோள் நோவு அதிலிருந்துதான்.

ஆகவே இருபத்தோராம் திகதி போன் வரும். உனக்குப் பின்னேரமாக இருக்கும், வேலையால் வந்து படுத்திருந்தாலும் எழும்பி எடு. என்ன வேலை என்று கேட்டால் வேலையைச் சொல், சின்னச் சின்னத் தமிழில் சொல், பெரிய சொல் ஒன்றும் எடுக்காதே. வாசலில் நிற்கும்போது இரண்டு சோடி காலுறை போடு, உள்ளே போனால் காதுக்குப் பஞ்சு வை, விடியப் பசியோடு படுக்காதே. வரும்போது றஜிந்தனுக்கு ஒரு சொக்லட் பெட்டி கொண்டு வா, மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் கொடு. அண்ணையின் பதினைந்தாம் ஆண்டுப் பூசையில் முதலாம் வாசகம் நீதான் வாசிக்க வேண்டும் என்று கேட்கப்போகிறேன், சபையில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணியாகக் காக்கட்டும், மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும், குஞ்சியம்மாவின் முத்தங்களும் இதோடு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பா ஆடின இடத்தைப் பற்றித்தான் அம்மா முதலில் கேட்பார், அது எந்தத் தெரு, இப்போதும் இருக்கிறதா என்றெல்லாம். பனியும் கதவும் அந்த வாசல்காரனும் தேநீரும் சத்தியம், அதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, பனியைத் தவிர, அது கணுக்கால்தான். ஆனால் அண்ணை ஆடவில்லை, மகளே. ஆடினது நான். அவர் உடுப்பு வைக்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் இருந்து, என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு ஏதும் நடந்துவிடும் என்று விடியும்வரை கண் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இதை அம்மாவிடம் நீ திருத்தப் போகாதே, ஆடினவர் அவராகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் குஞ்சியப்பா
பற்றிக்