தனத்தின் தையலில் என் கை

4ஆம் தேதி, திங்கள்

காலையில் பனி. எதிர் லயத்து வீடுகள் தெரியவில்லை. துவைத்தது எதுவும் காயவில்லை. வாங்க வேண்டியது: மஞ்சள் தூள், கோழித் தீவனம், முட்டிக்குத் தைலம்.

சப்பாத்து குர்சுஸ், ஷூ தைக்கிற பயிற்சி, கடைசி வாரம். எங்கேயோ ஐரோப்பாவில் சப்பாத்து செய்கிற கம்பெனி, ஈப்போவில் ஒரு காலேஜ், எங்கள் எஸ்டேட். மூன்றும் கூட்டு. தேயிலைக் கொழுந்து கிள்ளின கைக்குத் தோல் தைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாளைக்கு டெஸ்ட். பாஸானால் ரிங்லெட்டில் திறக்கப் போகிற தையல் கூடத்தில் வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை. நனையாத வேலை.

எனக்கு இது விளையாட்டு. பக்கத்து வீட்டுத் தனத்துக்கு அப்படி இல்லை. கொழுந்து வெட்டுகிற மெசினைத் தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. இனி தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி சொன்னது: "லைட் வேலை இங்க இல்ல லா." எஸ்டேட்டில் வேலை இல்லையென்றால் லயத்து வீடும் இல்லை. புருஷன் செத்துப் போனவள். மாமியாரையும் வைத்துக்கொண்டு எங்கே போவாள்.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிறாள். "அக்கா, மூலை திருப்பும்போது ஊசி மேலயா கீழயா?"

"உன் மாமியா எங்க வீட்டுல குந்துன மாதிரி. இறங்குனா எந்திரிக்கவே கூடாது."

சிரித்தாள். மாமியாரும் சிரித்தது கேட்டது.

5ஆம் தேதி, செவ்வாய்

மழை. டெஸ்ட்.

கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர். நான் வைத்த பெயர் தொரட்டித் துரை. அவ்வளவு உயரம், கழுத்தில் வளைவு. கூட, சொல்லிக் கொடுக்கிற மலாய் டீச்சர். மேடம் என்பதற்குப் புவான் என்று கூப்பிடுவோம்.

ஆளுக்கு ஒரு ஜோடி சப்பாத்து மேல்தோல். ஓரத்தை ஒட்டி இரண்டு வரி தையல். நான்தான் முதலில் முடித்தேன். தனத்துக்கு நூல் அறுந்தது, கோர்த்தாள், மறுபடி அறுந்தது. ஒரு காலுக்கான தோல்தான் ஆகியிருந்தது.

தோட்டத்தில் தன் செடி நிரையை முடித்தவள் சும்மா நிற்க மாட்டாள். பக்கத்து நிரையில் இறங்கி எதிர்முனையிலிருந்து கிள்ளிக்கொண்டு வருவாள். யாரும் கேட்பதில்லை. யாரும் நன்றி சொல்வதில்லை. கை அப்படியே பழகிவிட்டது. புவான் திரும்பி நின்ற நேரம், தனத்தின் இன்னொரு கால் தோலை எட்டி இழுத்து என் மெசினில் ஓட்டிவிட்டேன்.

ஓட்டினதோடு விட்டேனா? "இவள நம்புனா ஐரோப்பாக்காரன் ஒத்தக் கால்லதான் நடப்பான்." எல்லோரும் சிரித்தார்கள். தனம் சிரித்தாளா, நான் பார்க்கவில்லை.

சிரிப்பைக் கேட்டு துரை வந்தார். தனத்தின் ஜோடியை எடுத்தார். ஒன்றில் பொடிப் பொடித் தையல், கொஞ்சம் கோணல். இன்னொன்றில் நீளத் தையல், ஒரே ஓட்டம். புவானிடம் ஏதோ சொன்னார்.

"ரெண்டும் ஒரே கையா?" என்றார் புவான்.

"என் கைதான் புவான்" என்றாள் தனம். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"வேற யாராச்சும் தைச்சீங்களா?"

நான் குனிந்து மேசைக்கு அடியில் நூல்கட்டை தேடினேன். நூல்கட்டை மேசை மேலேதான் இருந்தது.

தங்கள் கண் முன்னால் மறுபடி தைக்கச் சொன்னார்கள். தோள் ஆடியது. ஒரு வரி கூட நேராக வரவில்லை. பொய் சொல்கிறவர் வேண்டாம் என்று பெயரை வெட்டிவிட்டார்கள்.

நான் பாஸ்.

6ஆம் தேதி, புதன்

பனி. சமைத்தது: ரசம், நேற்றைய கருவாடு. தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

என் வீட்டுக்காரர் திரிங்காப் ஊரில் காய்கறி ஏற்றிவிட்டு வந்தார். லோரியில் ஒரு மூட்டை முட்டைக்கோஸ். நான் பாஸானதற்கு லயம் முழுக்கக் கொடுக்கச் சொல்கிறார். "என்ன மேடம், சப்பாத்துக் கம்பெனிக்காரன் வாயையும் சேத்துத் தைச்சிட்டானா?" சிரித்து வைத்தேன்.

குழாயடியில் தனத்தின் மாமியார். "ஏம்மா, வீட்டுச் சாவிய எப்பக் கேப்பாங்க? கிராணி ஏதும் சொன்னாரா?" வாளி பாதிதான் நிறைந்திருந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் தனம் வாசல் கூட்டினாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வந்தது வேறு. "என்ன தனம், தொரட்டி உன்னையே நெனச்சிக்கிட்டு இருக்காராமே."

விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். கதவைக்கூட மெதுவாகத்தான் மூடினாள்.

த்தூ. என்ன வாய் இது. மூன்றாம் வகுப்போடு நின்றேன். மன்னிப்புக் கேட்பது எத்தனையாவது வகுப்பில் வருமோ.

7ஆம் தேதி, வியாழன்

வெயில். அதிசயம்.

கா. 8 மணிக்குக் குர்சுஸ் நடக்கிற மண்டபத்துக்குப் போனேன். புவான் மட்டும். நின்றபடியே சொன்னேன். "அந்தக் கால் நான் தைச்சது. அவ கேக்கல. நானாத்தான் இழுத்தேன்."

"அன்னைக்கு நான் கேட்டப்ப எங்க இருந்தீங்க?"

"மேசைக்குக் கீழ."

புவான் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை.

தோட்டத்தில் இப்படித்தான் என்று நிரை கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சர்ட்டிபிகேட்ல எந்தப் பேரோ அந்தக் கைதான் தைக்கணும். கம்பெனி, காலேஜ், எஸ்டேட் மூணும் கையெழுத்துப் போட்டது அதுக்குத்தான்" என்றார். துரைக்குப் போன் போட்டார். தனத்துக்கு நாளை மறுபடி டெஸ்ட். என் பெயருக்குக் கோடு.

வீட்டுக்கு வந்து அழுதேன். முதல் அழுகை என் பெயருக்குத்தான். தனம் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தாள். இதை யாரிடம் சொல்வது.

8ஆம் தேதி, வெள்ளி

சாரல். தனம் மண்டபத்துக்குள். கதவு சாத்தியிருக்கிறது. குர்சுஸ் பெண்களும் தனத்தின் மாமியாரும் வாசலில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே. எனக்கு அங்கே வேலை இல்லை. போனேன்.

மெசின் ஓடும். நிற்கும். நிற்கிறபோதெல்லாம் என் கை துடிக்கிறது. இரண்டு கையையும் கக்கத்தில் அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் கதவு திறந்தது. முகம் முழுக்க வேர்வை.

"கெடச்சிருச்சு" என்றாள். ஒவ்வொருத்தி கையாகப் பிடித்து அதையே சொன்னாள். மாமியாரிடம் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. அப்புறம் என் முன்னால் வந்து நின்றாள். நானும் கையை நீட்டினேன்.

"கொஞ்சம் தள்ளுங்கக்கா. என் செருப்பு."

தள்ளி நின்றேன்.