சங்கீதத்தின் மீதி

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். உங்கள் கால்வலி குறைந்ததா? நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

நேற்று மில் விடுதி ஜெபத்தில் இயேசுவின் சிலுவைப்பாடுகளை வாசித்தார்கள். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று அவர் கதறும் இடத்தில் நிறுத்தினார்கள். நம் வீட்டில் அங்கிருந்து, அந்த வரியில் தொடங்கும் பழைய ஏற்பாட்டுச் சங்கீதத்தை முழுக்கச் சொல்வோமே, அந்தப் பழக்கத்தில் நான் மட்டும் சத்தமாகத் தொடர்ந்துவிட்டேன்.

"ஊமைக்கு வாய் வந்துடுச்சுடி" என்று பக்கத்து மெஷின் அக்கா சிரித்தார். பிறகு மெதுவாக, "அது பழைய பாட்டோட முதல் அடியா? எப்படி முடியும்?" என்றார்.

துதியில் முடியும் என்றேன்.

"அப்ப முடிவு தெரிஞ்சுதான் அவர் அழுதிருக்கார்."

எனக்கும் முடிவு தெரியும், அம்மா. ஆனாலும் மனம் நிலைகொள்ளவில்லை, முதல் அடியிலேயே நிற்கிறேன்.

ஷிப்டு மணி அடிக்கிறது. ஒரு போர்வை வேண்டும். தபாலில் போட வேண்டாம், அப்பாவிடம் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் சின்னவள்