நாலந்தாக் கிளை மூடிய வருடம்

மார்ச் 3, 2025, திங்கள்

சுதுகங்கை கேஸ் கம்பெனிக்கு நாற்பது வருடமாம். சிறப்பு மலர் போடுகிறார்கள். வரலாறு எழுத என்னைப் பிடித்திருக்கிறார் பஸீர் முதலாளி. இருபத்தாறு வருடமாக மாத்தளைக் கந்தோரில் பில் எழுதினவளுக்குத் திடீரென்று எழுத்தாளர் பட்டம். என் பெயர் போட வேண்டும் என்றேன். சிரித்தார். "போடுவோம் சுதர்சினி மிஸ், பெரிசாவே போடுவோம்."

சந்தோசமாகத்தான் இருந்தது. மறைத்து என்ன.

மார்ச் 9, ஞாயிறு

நாலந்தாவில் தங்கச்சி வீடு. ரஜனியின் வலது கை இன்னும் நிமிரவில்லை. சிலிண்டர் வெடித்து மூன்று வருடமும் மூன்று மாதமும். அவள் மகள் பாப்பா போயும் அவ்வளவு காலம்தான். ஆறு வயது அவளுக்கு.

கிஷாந்த் என் முன்னாலேயே சொல்கிறான்: "அடுப்பச் சரியா மூடாம புள்ளயக் கொன்னுபுட்டா." பெண்டாட்டியைப் பற்றி! ரஜனி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் வழக்குப் போட்டதே இதற்காகத்தான். வால்வு பழுதான சிலிண்டரை எங்கள் கம்பெனிதான் கொடுத்தது என்று கோர்ட் சொன்னால் அவன் வாய் மூடும். கம்பெனியோ, அப்போது நாலந்தாவில் எங்களுக்குக் கிளையே இல்லை, அது வேறு யாரோ கொடுத்தது என்கிறது.

இருந்தது. அந்தக் கிளைக்கு பில் எழுதினவள் நான். பழைய பில் புத்தகங்கள்தான் இப்போது எங்கும் இல்லை.

மார்ச் 10

சாட்சி சொல்லலாம். யார் கையைப் பிடித்தார்கள்?

சொன்னால் அடுத்த கேள்வி வரும். வெடிப்பதற்கு முதல் நாள் ரஜனி கந்தோருக்குப் போன் பண்ணினாள். "அக்கா, வால்வு பக்கம் கேஸ் நாறுது." அன்றைக்கு வாசலில் கேஸுக்கு இருநூறு பேர் வரிசை, உள்ளே என் மேசைக்குப் பின்னால் முதலாளி. எனக்குத் தலைவலி. சவுக்கார நுரை போட்டுப் பாரு, எல்லாத்துக்கும் பயந்து சாகாத என்று வைத்துவிட்டேன். முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதவும் இல்லை.

ரஜனி இதைப் புருசனிடம்கூடச் சொல்லவில்லை. ஏன்? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 21

எழுத்து நன்றாக ஓடுகிறது. முதலாளியின் வாப்பா ஜைனுதீன் ஹாஜியார் 1985இல் பன்னிரண்டு சிலிண்டரோடு தொடங்கினார். சனம் கிட்டவே வரவில்லை. வஹகோட்டை தேவாலயத் திருவிழாவில் ஹாஜியார் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சும்மா பிளேன்டீ ஊற்றினார். பயமில்லை என்று காட்ட, ஒன்றரை வயது மகனை அடுப்புக்குப் பக்கத்திலேயே பாய் போட்டு உட்காரவைத்தாராம். அந்த மகன்தான் பஸீர்.

நாலந்தாக் கிளை '2022 ஏப்ரல் வரை இயங்கியது' என்று உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறேன். முதலாளி அறுபது பக்கத்தையும் வாசிக்கிற ஆளா? கம்பெனியே அச்சடித்த புத்தகம் கோர்ட்டுக்குப் போனால் போதும். நான் கூண்டில் ஏற வேண்டியதில்லை. என்ன மூளை எனக்கு!

ஏப்ரல் 4

வாசித்திருக்கிறார்.

புரூஃபில் 2022 ஏப்ரல் இல்லை. 2020 டிசம்பர். கதவைச் சாத்தி உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். குரல் உயரவே இல்லை. "அன்டைக்கு உங்கட தங்கச்சிட போன எடுத்தது நீங்கதானே மிஸ்? நான் இன்னும் யாருக்கும் சொல்லல்ல."

பக்கத்துக்குப் பக்கம் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 5

அம்மா இருந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பாள்.

மே 16

மலர் வெளியீடு. மேடையில் மாலை போட்டார்கள். என் பெயர் உண்மையாகவே பெரிசு. வீட்டுக்கு வந்து மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். சீ.

ஜூன் 10, செவ்வாய்

கோர்ட்டில் கம்பெனியின் சட்டத்தரணி மலரை ரஜனியிடம் நீட்டி, எழுதினவர் பெயரை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். உங்கள் சொந்த அக்காவே, சிலிண்டர் வெடிப்பதற்கு ஒரு வருடம் முன்பே கிளை மூடியாயிற்று என்று எழுதியிருக்கிறாரே என்றார். பிறகு நீதிபதி கேட்டார்: கேஸ் நாறியது என்கிறீர்கள், கம்பெனியில் யாரிடமாவது சொன்னீர்களா?

ரஜனி திரும்பினாள். நான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சொல்லுடி. சொல்லித் தொலைடி, நான் எந்திரிச்சு ஆமான்னு சொல்லிர்றேன் — இப்படித்தான் நினைத்தேன், சத்தியமா. எழும்பினேனா? இல்லை.

"இல்லங்க. யாருகிட்டயும் சொல்லல."

கிஷாந்த் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சொல் சொன்னான். அதை எழுதமாட்டேன்.

ஜூன் 27

வழக்கு தள்ளுபடி. மத்தியானம் கந்தோரில் எல்லோருக்கும் புரியாணி. எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கிஷாந்த் விரட்டிவிட்டான். ரஜனி ஒரு பையோடு இங்கே வந்து பத்து நாள். கேஸ் அடுப்பு இருக்கிற என் குசினிக்குள் கால் வைப்பதில்லை. பின்பக்கம் மூன்று கல் கூட்டி, ஒற்றைக் கையால் சுள்ளி முறித்து, இரண்டு பேருக்கும் சோறாக்குகிறாள். உதவப் போனால், "நீங்க உக்காருங்கக்கா." போனைப் பற்றி ஒரு சொல் இல்லை, மலரைப் பற்றியும் இல்லை. திட்டித் தொலைத்தாலாவது தேவலை.

இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. நல்ல துண்டுகளாகப் பார்த்து என் தட்டில் வைத்துவிட்டு, உப்புப் போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.