பிரிண்டருக்குப் பின்னால் ஒரு கேமரா

மார்ச் 3, செவ்வாய்

ஒருவழியாக நெட்வொர்க் பாதுகாப்புப் பெட்டி வந்து சேர்ந்தது. சர்வர் அறையில் ரேக்கில் ஏற்றி, வயர்களை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. இனி இந்த மருத்துவமனையின் நெட்வொர்க்கில் எந்தக் கருவி நுழைந்தாலும், ‘நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை’ என்று கேட்கப்போவது இதுதான். பதில் சரியில்லையென்றால் வெளியே தள்ளிவிடும். இப்போதைக்கு வேடிக்கை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

காலையில் பெட்டியின் திரையைத் திறந்தேன். ரத்த வங்கியின் ஃப்ரிட்ஜ், லிஃப்ட், எக்ஸ்ரே இயந்திரம், மருந்துக் கடையின் பில் மிஷின், ஐசியூ மானிட்டர்கள் — ஒவ்வொன்றாக எழுந்து பேர் சொல்கின்றன. சுவருக்குள் ஓர் ஊரே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது! தெரிந்த விஷயம்தான், ஆனால் இப்படி மொத்தமாகக் கண்ணால் பார்த்ததில்லை. புல்லரித்துவிட்டது.

வீட்டில் இவரிடம் சொன்னால், “அப்படியே நம்ம ஃப்ரிட்ஜ்கிட்டயும் கேளு, என் ஐஸ்கிரீமை யாரு தின்னதுன்னு” என்கிறார். ரசனை கெட்ட மனிதர்.

மார்ச் 9, திங்கள்

பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஒன்று மட்டும் பேர் சொல்ல மாட்டேன் என்கிறது. பிரிண்டருக்குக் கொடுத்த இணைப்பில் இருக்கிறது, ஆனால் அது பிரிண்டர் இல்லை. வெளியே எங்கோ ஒரு முகவரிக்கு எதையோ விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

என் மேலாளருக்கு எதையாவது பூட்டினால்தான் சாப்பாடு இறங்கும். அதனால் எனக்கு அவர் பூட்டு சார். “என்னன்னு பாத்துப் பிடுங்கிப் போடுங்க. அடுத்த திங்கக்கிழமை பெட்டி வேலையை ஆரம்பிச்சிடணும்” என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

பிரிண்டருக்குப் பின்னால் யாரோ, ஓர் இணைப்பைப் பலதாகப் பிரிக்கும் குட்டி நெட்வொர்க் ஸ்விட்சைச் சொருகியிருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு வயர் சுவரோரமாகவே போய் ஓர் இன்குபேட்டருக்கு மேலே முடிகிறது. நுனியில் மலிவு விலைக் கேமரா. கீழே ஒரு குழந்தை. கை மொத்தமும் என் சுண்டுவிரல் பருமன் இருக்குமா? மூச்சு விடும்போது அந்த நெஞ்சு காகிதம் போல எழும்பித் தாழ்கிறது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் எப்படித்தான் ஓர் உயிர் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ! வந்த வேலையே மறந்துவிட்டது.

வார்டின் தலைமை நர்ஸ் வந்தார். “நெட்வொர்க்ல எதையும் சொருகக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமே சிஸ்டர்?”

“நாங்க வைஃபையைத் தொடவே இல்லையே மேடம். வயர்லதானே போட்டோம்?”

இதற்குச் சிரிப்பதா அழுவதா?

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். தாய்க்குத் தொற்று, மேல்மாடியில் தனி அறை. கிருமி போகும்வரை பிள்ளை பக்கம் வரக்கூடாது. பெற்றதிலிருந்து ஒருமுறைகூடத் தொட்டதில்லை. “சாப்பாடு, மருந்து எதுவும் வேணாம்னு படுத்துட்டாங்க மேடம். அவங்க வீட்டுக்காரர் இதை வாங்கிட்டு வந்து கெஞ்சினார். இப்ப போன்ல பிள்ளையைப் பாத்துக்கிட்டேதான் மாத்திரை போடுறாங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க.”

பிடுங்கக் கையை நீட்டினேன். முடியவில்லை.

மார்ச் 11, புதன்

அந்தப் படம் எந்த நாட்டிலோ இருக்கும் ஒரு கணினியைச் சுற்றிக்கொண்டுதான் தாயின் போனுக்கு வருகிறது. நடுவில் யார் யார் பார்க்கிறார்கள்? கேமராவில் ஓர் ஓட்டை இருந்து, அது வழியாக எவனாவது உள்ளே வந்து மானிட்டர்களில் கை வைத்தால்? அங்கே மற்ற பிள்ளைகளும் இருக்கின்றனவே. பூட்டு சார் சொல்வது சரி. பாழாய்ப்போன மனிதர், ஏன்தான் எப்போதும் சரியாகவே சொல்கிறாரோ.

மார்ச் 12, வியாழன்

பிள்ளைக்கு எடை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எனக்கு எதற்கு இந்த வேலை?

மார்ச் 13, வெள்ளி

பெட்டிக்கு வழியைச் சாத்த மட்டுமா தெரியும்? பார்த்துத் திறக்கவும் தெரியுமே! அடி மக்கே, இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை!

நெட்வொர்க்கில் கேமராவுக்கென்று தனிப் பிரிவு ஒன்று போட்டேன். அங்கிருந்து மானிட்டர்களை எட்ட முடியாது, வெளியுலகையும் எட்ட முடியாது. தாயின் அறையில் வைக்கும் மருத்துவமனை டேப்லெட் ஒன்றுக்கு மட்டும் படம் போகும். பூட்டு சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஒரே ஒரு வழிதான் திறந்திருக்கா?”

“ஒண்ணே ஒண்ணுதான் சார்.”

“சரி. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.” நான் எழுந்து வாசல்வரை போன பிறகு, “குழந்தை எப்படி இருக்கு?” என்றார்.

மார்ச் 16, திங்கள்

காலையில் பெட்டியை முடுக்கினோம். வார்டு வார்டாகக் கருவிகள் விசாரணையில் தேறி உள்ளே போவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கேமராவும் தன் ஒற்றை வழியில் போய்ச் சேர்ந்தது.

மேலே ஓடிக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டேப்லெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அந்தத் தாய் தன் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள். குரல் அங்கே கேட்காது என்று அவளிடம் சொல்லித்தான் கொடுத்திருந்தோம். அவள்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 2, வியாழன்

மத்தியானம் திரையிலிருந்து கேமரா காணாமல் போயிற்று. ஐயோ, என் பெட்டிதான் வெட்டிடுச்சு, பாவி! இல்ல பிள்ளைக்குத்தான் ஏதாவது...? லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் ஓடினேன்.

இன்குபேட்டர் காலி.

சிஸ்டர் வாயில் விரலை வைத்து ஜன்னல் பக்கம் காட்டினார். நாற்காலியில் அந்தப் பெண் சாய்ந்திருந்தாள். போர்வைக்குள், அவள் நெஞ்சின்மேல், பிள்ளை. கிருமி இல்லை என்று காலையில் ரிசல்ட் வந்ததாம். கேமரா மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது.

“உள்ளே வந்ததும் முதல் வேலையா அவங்களே கழட்டிட்டாங்க மேடம்” என்றார் சிஸ்டர்.