சிவப்புக் கோட்டுக்குள் எதிர்வீடு

அன்புள்ள ஹெர்பர்ட்டுக்கு, உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். லண்டனில் நானும் என் ஆஸ்பத்திரிச் சமையல் வேலையும் நலம்.

வியாழக்கிழமை வக்கீல் அறையில் இருந்தவர்கள்: நான், இங்கே வீடு வாங்கப்போகும் நம் பேத்தி டாம்சின், வீட்டுத் தரகர் கிளைவ் பிராக்டர், வக்கீல் மிஸ் ஆக்லண்ட். தரகர் தன் ஆளைத்தான் வக்கீலாக வைக்கச் சொன்னார். இங்கே வீடு வாங்குவதே நீண்ட காலக் குத்தகையாகத்தான்; அந்தக் குத்தகைப் பத்திரத்தை வரி விடாமல் தானே வாசிப்பதாகச் சொன்ன இந்தப் பெண்ணை நான்தான் பிடிவாதமாகப் பிடித்தேன்.

மிஸ் ஆக்லண்ட் பத்திரத்தின் வரைபடத்தில், விற்கும் வீட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார். "உள்ள நுழைஞ்சா சமையலறை எந்தப் பக்கம்மா?"

"இடது பக்கம்," என்றாள் டாம்சின்.

"இதுல வலது பக்கம் இருக்கே."

கிளைவ் சிரித்தார். "படந்தானே பாட்டி. வீடு எழுந்து நடந்துடுமா?"

"வீடு நடக்காது. ஆனா காகிதப்படி இவங்க வாங்கறது எதிர்வீடு," என்றார் வக்கீல்.

கண்ணாடியில் பார்த்தாற்போல் எதிரெதிரே இரண்டு வீடுகள். நாற்பது வருடமாகப் பத்திரங்கள் மாறிக் கிடந்திருக்கின்றன. தேவாலயத்தில்கூட நான் அவ்வளவு அடங்கி உட்கார்ந்ததில்லை. இரண்டையும் திருத்திய பிறகுதான் டாம்சின் கையெழுத்துப் போடுவாள்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். நாய் இப்போது யார் காலடியில் படுக்கிறது என்றும் எழுதுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் எஸ்மி

கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு இதைச் சேர்க்கிறேன். அன்று வக்கீல் அறையிலிருந்து படியிறங்கும்போது தரகர், "போன வருஷம் வாங்க வந்தவங்களும் இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க," என்று டாம்சினிடம் உளறிவிட்டாராம். தெரிந்தே விற்க வந்த அந்த ஆளை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்: கிளைவ் பிராக்டர்.